காகம் பார்த்த வீடு: ஃபில் எல்வரமின் பாடல்களும் ஒலிப்பதிவுகளும்

ஃபில் எல்வரம் என்ற பெயர் எங்கள் வாசகர்களில் சிலருக்கே தெரிந்திருக்கும். அமெரிக்காவின் வடமேற்கு மூலையில், கனடிய எல்லைக்கு அண்மையில், வோஷிங்டன் மாநிலத்தில் உள்ள அனகோர்ட்டஸ் என்ற சிறிய கடலோர நகரைச் சேர்ந்தவர். 1978 இல் பிறந்தவர். தன் பாடல்களைத் தானே எழுதி, பெரும்பாலும் எல்லா வாத்தியங்களையும் தானே வாசித்து, தானே ஒலிப்பதிவு செய்து, தானே வெளியிடுபவர். முதலில் 'மைக்ரோபோன்ஸ்' என்ற பெயரிலும், 2003 இற்குப் பின்னர் பெரும்பாலும் 'மவுண்ட் ஈரி' என்ற பெயரிலும் இயங்கி வருகிறார். இரண்டுமே இசைக்குழுவின் பெயர்கள் போல் ஒலித்தாலும் அடிப்படையில் இருப்பது ஒரே மனிதர்தான்.

இவருடைய இசையை 'இண்டி ஃபோக்' என்ற வகைக்குள் வைப்பார்கள். பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல், சிறு செலவில், நாட்டார் பாடல் மரபின் எளிமையை எடுத்துக்கொண்டு, கிற்றாரும் குரலும் முன்னிற்கப் பாடுவதையே அந்தச் சொல் குறிக்கிறது. இந்த வகையில் பாடுவோர் நூற்றுக்கணக்கில் உண்டு. அவர்களில் எல்வரமைப் பற்றி எழுத நான் எண்ணியதற்குக் காரணம், 2017 இல் அவர் வெளியிட்ட ஓர் இசைத்தொகுப்பு. அதன் பெயரைத் தமிழில் 'ஒரு காகம் என்னைப் பார்த்தது' என்று சொல்லலாம். இறந்துபோன மனைவியைப் பற்றிய 11 பாடல்கள் அதில் உள்ளன. சாவை எப்படிச் சொல்வது, சொல்லத்தான் வேண்டுமா என்ற கேள்விகள் எங்களுக்கு வெறும் இரசனைக் கேள்விகள் அல்ல. அதனால் அந்தத் தொகுப்பை நான் பல தடவை, நிறுத்தி நிறுத்திக் கேட்டிருக்கிறேன்.

கடையின் பின்னறையில் தொடங்கியது

எல்வரம் பள்ளிப் பருவத்தில் அனகோர்ட்டஸில் இருந்த ஓர் இசைத்தட்டுக் கடையில் வேலை செய்தார். அந்தக் கடையின் பின்னறையில்தான் அவருடைய முதல் ஒலிப்பதிவுப் பரிசோதனைகள் நடந்தன. ஒலிவாங்கிகளையும் ஒலிநாடாவையும் வைத்துக்கொண்டு என்னென்ன ஓசைகளை உண்டாக்கலாம் என்று பார்ப்பதே அப்போது அவருடைய ஈடுபாடு. 'மைக்ரோபோன்ஸ்' என்ற பெயரும் அதிலிருந்து வந்ததுதான். பின்னர் ஒலிம்பியா நகருக்குப் போய், அங்கிருந்த 'கே ரெக்கோர்ட்ஸ்' என்ற சிறு வெளியீட்டகத்தின் கலையகத்தில் இரவு பகலாகப் பதிவு செய்தார்.

2001 இல் வெளிவந்த 'த க்ளோ, பாகம் 2' அந்தக் காலத்தின் முக்கிய படைப்பு. 20 பாடல்கள், ஒரு மணி நேரத்திற்கும் சற்று அதிகம். முதற்பாட்டில் ஒரு கிற்றார் இடது காதிலும் இன்னொன்று வலது காதிலும் மெதுவாகத் தட்டிக்கொண்டிருக்கும். கேட்பவர் நடுவில் இருப்பார். பின்னர் முரசுகள் வந்து இடிக்கும். ஒலிநாடா தாங்காத அளவுக்கு ஓசையை ஏற்றி, அது கரகரத்து உடைவதையும் இசையின் பகுதியாக ஆக்குவது எல்வரமின் கைவண்ணம். கப்பல்களுக்கு மூடுபனியில் எச்சரிக்கை கொடுக்கும் ஊதொலி ஒன்றும் தூரத்தில் திரும்பத் திரும்பக் கேட்கும். கடலோரத்தில் வளர்ந்தவரின் காது அது. அந்த ஆண்டின் சிறந்த இசைத்தொகுப்பு என 'பிட்ச்ஃபோர்க்' இசை இதழ் இதைத் தெரிவு செய்தது.

2003 இல் வந்த அடுத்த தொகுப்பின் பெயர் 'மவுண்ட் ஈரி'. அனகோர்ட்டஸ் நகருக்கு மேலே, ஃபிடால்கோ தீவில், ஏறத்தாழ 390 மீற்றர் உயரமுள்ள மலையின் பெயரை ஓர் எழுத்து மாற்றி வைத்தார். ஐந்து பாடல்கள் சேர்ந்த ஒரே கதை. மலையேறும் ஒருவன் அங்கே சாகிறான், பிணந்தின்னிக் கழுகுகள் அவனைத் தின்கின்றன, அவன் பிரபஞ்சத்தை எதிர்கொள்கிறான். இருபத்து சொச்சம் வயது இளைஞன் ஒருவன் சாவைக் கற்பனை செய்து பார்த்தது அது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்ததற்கு இது தேவை.

மலை, காற்று, வெறுமை

அந்தக் காலத்தில், 2002 – 2003 குளிர்காலத்தை நோர்வேயின் வடபகுதியில் ஒரு குடிலில் தனியே கழித்தார். அங்கே எழுதிய பாடல்கள் 2008 இல் 'டோன்', அதாவது 'விடியல்', என்ற பெயரில் வெளிவந்தன. அதே ஆண்டில் கனடியப் பாடகி ஜூலி டுவாரோனுடன் 'லொஸ்ட் விஸ்டம்' என்ற சிறிய தொகுப்பையும் பதிவு செய்தார். இரண்டு குரல்களும் மிகக் குறைந்த வாத்தியங்களும் மட்டுமே. எல்வரமின் இசைக்குள் புதிதாக நுழைபவருக்கு இதைவிட இலகுவான வாசல் இல்லை.

2009 இல் வந்த 'விண்ட்ஸ் போயம்' முற்றிலும் வேறு முகம். நோர்வேயின் கடும் மெட்டல் இசையிலிருந்து பெற்ற இரைச்சலைக் காற்றின் குரலாக்கினார். 2012 இல் 'கிளியர் மூன்', 'ஓஷன் ரோர்' என்ற இரட்டைத் தொகுப்புகள் வந்தன. அனகோர்ட்டஸில் வழிபாடு நின்றுபோன ஒரு பழைய தேவாலயத்தைக் கலையகமாக்கி அவற்றைப் பதிவு செய்தார். 2015 இல் 'சோனா'. இந்தத் தொகுப்புகள் எல்லாவற்றிலும் மலையும் பனிமூட்டமும் நிலவும் காற்றும் திரும்பத் திரும்ப வருகின்றன. மனிதன் சிறியவன், எல்லாம் கடந்து போகும், உள்ளே இருப்பது வெறுமை என்ற பௌத்தச் சாயலுள்ள சிந்தனை அவற்றின் அடிநாதம். இந்தத் தொகுப்புகளைத் தன்னுடைய சொந்த வெளியீட்டகமான 'பீ.டபிள்யூ. எல்வரம் அன்ட் சன்' மூலமே வெளியிட்டார். தடித்த தாளில் அழகாக அச்சிட்ட உறைகளும் அந்த வெளியீடுகளின் அடையாளம்.

2016

எல்வரமின் மனைவி ஜெனவியேவ் காஸ்த்ரே கியூபெக் மாகாணத்தில் 1981 இல் பிறந்தவர். சித்திரக்கதை ஓவியராகப் பெயர்பெற்றவர். தன் பிள்ளைப்பருவத்தைச் சித்திரக்கதையாக வரைந்த 'சசெப்டிபிள்' என்ற நூல் அவருடையது. 'வோல்வ்', 'ஓ பாவோன்' என்ற பெயர்களில் பாடல்களும் பதிவு செய்தவர். 2015 இல் அவர்களுக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது. நான்கு மாதங்களில் காஸ்த்ரேயின் கணையத்தில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. 2016 ஜூலை 9 ஆம் திகதி வீட்டிலேயே இறந்தார். வயது 35.

அதே ஆண்டு ஓகஸ்ட் 31 இலிருந்து டிசெம்பர் 6 வரை, அவர் இறந்த அறையிலேயே எல்வரம் பதிவு செய்தார். அவருடைய கிற்றார், அவருடைய பேஸ் கிற்றார், அவருடைய குடும்பத்துப் பழைய அக்கோடியன் என்று பெரும்பாலும் அவர் விட்டுப்போன வாத்தியங்களையே எடுத்தார். அவருடைய தாளில் வரிகளை எழுதினார். ஒரு மடிக்கணினி, ஓர் ஒலிவாங்கி. பிள்ளை நித்திரை கொண்ட பிறகும், நண்பர்கள் வீட்டில் இருந்த பொழுதுகளிலும் வேலை நடந்தது. 2017 மார்ச் 24 இல் தொகுப்பு வெளிவந்தது.

பதினொரு பாடல்களில் என்ன இருக்கிறது

முதற்பாட்டு 'ரியல் டெத்'. மனைவி இறந்து ஒரு வாரத்தில் அவர் பெயருக்கு ஒரு தபால் பொதி வருகிறது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு புத்தகப்பை. மகள் பாடசாலை போகும் வயதை எண்ணி, தான் அப்போது இருக்கமாட்டேன் என்று அறிந்து, இரகசியமாக வாங்கி வைத்திருக்கிறார். எல்வரம் வாசற்படியில் அழுகிறார். இவ்வளவுதான் கதை. அதன் மேல் விளக்கமோ உவமையோ ஏற்றப்படவில்லை.

இரண்டாம் பாட்டு 'சீவீட்', கடற்பாசி. இறந்து 11 நாட்கள். ஒன்றரை வயதுப் பிள்ளையுடன் கனடாவின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஹைடா குவாய் தீவுகளுக்குச் சாம்பலைக் கொண்டுபோகிறார். வீடு கட்டி வாழலாம் என்று கணவனும் மனைவியும் எண்ணியிருந்த இடம் அது. காடாத்திச் சாம்பலைக் கீரிமலைக்குக் கொண்டுபோய்க் கரைத்தவர்களுக்கு இந்தப் பயணத்தை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

'ரேவன்ஸ்' பாட்டில் 2015 ஒக்ரோபரில் கண்ட இரண்டு அண்டங்காகங்கள் வருகின்றன. அது அறிகுறியா, தற்செயலா? அறிகுறி பார்ப்பதில் தனக்கு நம்பிக்கை உண்டா இல்லையா என்று அவருக்கே முடிவில்லை. 'ஃபொரெஸ்ட் ஃபயர்' பாட்டில், வாழ்நாள் முழுவதும் பாடிவந்த இயற்கையோடு முரண்படுகிறார். சாவு இயற்கையானது என்ற ஆறுதல் அவருக்குப் போதவில்லை. 'எம்ப்டினஸ், பாகம் 2' பாட்டு, 2015 இல் அவரே பாடிய 'வெறுமை' என்ற பாட்டுக்கு எழுதிய மறுப்பு. தத்துவமாக அறிந்த வெறுமை ஒன்று. மாடியில் ஓர் அறை வெறுமையாகிக் கிடப்பது இன்னொன்று.

'மை காஸம்' பாட்டு எங்கள் வாசகர்களை மிகவும் தொடும் என்று எண்ணுகிறேன். கடைக்குப் போனால் தெரிந்தவர்கள் கதைக்கத் தயங்குகிறார்கள். இறந்த மனைவியைப் பற்றியே கதைத்துக்கொண்டிருப்பதை மற்றவர்கள் இன்னும் எத்தனை நாள் கேட்பார்கள் என்று அவர் யோசிக்கிறார். 'இன்னும் அதையே எத்தனை காலத்துக்குக் கதைப்பீர்கள்' என்ற கேள்வியை எதிர்கொண்டவர்கள் எங்களில் எத்தனை பேர். அந்தக் கேள்வி வாயால் வராமல் முகத்தில் மட்டும் வந்தாலும் அதே வலிதான்.

'டூத்பிரஷ் / ட்ரஷ்' பாட்டில், குளியலறைக் குப்பையை வெளியே போடுகிறார். அத்தோடு ஒன்றைக் கவனிக்கிறார்: புகைப்படங்கள் மெல்ல மெல்ல உண்மையான நினைவின் இடத்தைப் பிடித்துக்கொள்கின்றன. மூன்று மாதம் கழிந்தபோதே அவர் இதை உணர்ந்துவிட்டார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரே கடவுச்சீட்டு அளவுப் படத்தைப் பெரிதாக்கிக் கையில் ஏந்தி நிற்கும் தாய்மாருக்கு, படத்திலுள்ள முகம் மட்டும் மிஞ்சி, நடையும் சிரிப்பும் நழுவிப்போவது என்னவென்று தெரியும்.

கடைசிப் பாட்டு 'க்ரோ', காகம். பிள்ளையை முதுகில் சுமந்துகொண்டு காட்டுவழி நடக்கிறார். பிள்ளை நித்திரையில் காகத்தின் பெயரைச் சொல்லுகிறது. பிதிர்க்கடனுக்குக் காகத்தைக் கூப்பிட்டுச் சோறு வைத்துவிட்டுக் காத்திருக்கும் சமூகம் நாங்கள். எல்வரமுக்கு அப்படி ஒரு வழக்கம் கிடையாது. ஆனாலும் காகம் அவர் பாட்டுக்குள் அதே வேலைக்குத்தான் வந்து உட்காருகிறது.

இசை எப்படி அமைந்திருக்கிறது

முன்னைய தொகுப்புகளில் இருந்த முரசிடியோ இரைச்சல் சுவரோ இதில் இல்லை. கிற்றாரில் இரண்டு மூன்று சுரக்கட்டுகள் திரும்பத் திரும்ப வரும். சில இடங்களில் பியானோவோ அக்கோடியனோ மெல்லத் தொட்டுப்போகும். தூரத்தில் கதவைத் தட்டுவது போல ஒரு தாளம் சிலவேளை கேட்கும். குரல் உரக்க எழாது. பக்கத்து அறையில் பிள்ளை உறங்கும் வீட்டில் பாடினால் எப்படி இருக்குமோ அப்படி.

பல்லவி, சரணம் என்ற ஒழுங்கும் பெரும்பாலும் இல்லை. வசனம் நீண்டால் மெட்டும் நீளும். வசனம் முறிந்தால் மெட்டும் முறியும். எதுகை தேடி ஒரு சொல்லையும் அவர் வளைக்கவில்லை. நாட்குறிப்பை வாசிக்கும் தொனிக்கு மெட்டு துணைபோகிறது. நோர்வே எழுத்தாளர் கார்ல் ஊவ கினவுஸ்கோரின் தன்வரலாற்று எழுத்தையும், மனைவியின் சாவைப் பற்றி அமெரிக்கக் கவிஞர் கேரி சினைடர் எழுதியதையும் தனக்கு வழிகாட்டியவையாக எல்வரம் சொல்லியிருக்கிறார். இரண்டுமே உள்ளதை உள்ளபடி எழுதியவை.

ஏறத்தாழ எல்லாப் பாடல்களும் 'நீ' என்று இறந்தவரை நோக்கியே பாடப்பட்டவை. திகதிகள் உண்டு. நாட்கணக்கு உண்டு. பொருட்களுக்குப் பெயர் உண்டு. அந்த மூன்றும்தான் இத்தொகுப்பைத் தாங்கும் தூண்கள்.

ஒப்பாரியோடு ஒரு ஒப்பீடு

இதைக் கேட்கும்போது எனக்கு எங்கள் ஒப்பாரிதான் முதலில் நினைவுக்கு வந்தது. ஒப்பாரியும் இறந்தவரை நேரே விளித்துத்தான் பாடப்படும். அவர் உடுத்தது, உழைத்தது, வாங்கித் தந்தது, சொல்லிவிட்டுப் போனது எல்லாம் அதில் வரிசையாக வரும். ஆனால் இரண்டு பெரிய வேறுபாடுகள் உள்ளன. ஒப்பாரி பெண்கள் கூடியிருந்து, ஒருவர் தோளை ஒருவர் கட்டிப்பிடித்துப் பாடுவது; எல்வரம் அறைக்குள் தனியே பாடுகிறார். ஒப்பாரியில் பொன்னும் முத்தும் தேரும் மாளிகையுமாக உவமைகள் பெருகும். எல்வரம் உவமையையே நம்பவில்லை.

முதற்பாட்டிலேயே அவர் தன் வேலையைச் சந்தேகிக்கிறார். சாவு வீட்டுக்குள் வந்துவிட்டால் கவிதைக்கு அங்கே வேலையில்லை, அதைப் பாட்டாக்குவதும் அதிலிருந்து பாடம் கற்பதும் தனக்கு வேண்டாம் என்ற கருத்தைப் பாட்டாகவே பாடுகிறார். இந்த முரண்பாட்டை அவர் மறைக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பாடியதற்குக் காரணம், அந்த மனிதரை நேசித்தேன் என்பதைப் பலர் அறியச் சொல்லவேண்டும் என்பதுதான்.

இங்கேதான் எங்களுக்கான கேள்வி இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் இழப்புகளைப் பற்றிய பாடல்கள் பெரும்பாலும் எல்லோருக்கும் பொதுவானவை. மண், தியாகம், இனம், கண்ணீர், நீதி. அவை தேவையானவை, கூடி அழுவதற்கு அவையே இடம் தந்தன. ஆனால் ஒரு வீட்டின் சாவு அதற்குள் அடங்கிவிடாது. முள்ளிவாய்க்காலில் பங்கருக்குள்ளேயே உடலைப் புதைத்துவிட்டு ஓடியவர்களுக்குச் செத்தவீடு நடக்கவில்லை. எட்டுச் செலவும் அந்தியேட்டியும் நடக்கவில்லை. அவர் என்ன சாப்பாட்டை விரும்பினார், எந்தச் சைக்கிளில் போனார், கடைசியாக எதற்குச் சினந்தார் என்று சொல்ல ஓர் இடம் கிடைக்கவில்லை. தொகையாக எண்ணப்பட்டவர்களை ஒவ்வொருவராகத் திருப்பி எடுக்கும் வேலை இன்னும் கிடக்கிறது.

ஒன்றைச் சமப்படுத்தவும் நான் முயலவில்லை. நோயால் வந்த சாவும் ஷெல்லால் வந்த சாவும் ஒன்றல்ல. எல்வரமுக்குச் சாம்பல் கையில் இருந்தது, திகதி தெரியும், யாரிடமும் நீதி கேட்க வேண்டியிருக்கவில்லை. காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவிக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. இறந்தவராக விளித்துப் பாடுவதற்கே அவருக்கு மனம் வராது, வரவும் கூடாது என்று அவர் நினைப்பார். எல்வரமின் பாடல்கள் அந்த இடத்துக்கு வந்து சேராது. ஆனால் அந்தத் திகதி, பொருள், 'நீ' என்ற விளிப்பு மூன்றையும் கொண்டு ஒருவரை அப்படியே பிடித்து வைக்கலாம் என்பதை அவை காட்டுகின்றன. இதற்குக் கலையகமோ பணமோ தேவைப்படவில்லை. கைத்தொலைபேசியில் ஒலிவாங்கி இல்லாத வீடு இப்போது எங்களிடமும் குறைவு.

பின்வந்த பதிவுகள்

2018 இல் 'நவ் ஒன்லி' வந்தது. ஆறு நீண்ட பாடல்கள். துக்கத்தைப் பாடப்போய் அதுவே தொழிலாகிவிட்ட விசித்திரத்தை அதில் பாடுகிறார். பாலைவனத்தில் நடந்த ஓர் இசைவிழாவில், கொண்டாட வந்த இளைஞர்களுக்கு முன்னால் மனைவியின் சாவைப் பாடவேண்டியிருந்ததைச் சொல்கிறார். மனிதர்கள் நோயிலும் விபத்திலும் சாதாரணமாகச் சாகிறார்கள் என்பதைத் துள்ளலான மெட்டில் பாடும் ஒரு பகுதியும் அதில் உண்டு. 'டிஸ்டோர்ஷன்' என்ற பாட்டு 11 நிமிடம். 'டின்டின் இன் டிபெட்' என்ற பாட்டு இருவரும் சந்தித்த காலத்தைச் சொல்கிறது.

அதே ஆண்டில் 'ஆஃப்டர்' என்ற நேரடி நிகழ்ச்சிப் பதிவும் வந்தது. 2017 நவம்பரில் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரில், ஒரு பழைய தேவாலயத்தில் தனியே கிற்றாருடன் பாடியது. கூட்டம் மூச்சுக்கூடக் கேட்காத அமைதியில் இருப்பது பதிவிலேயே தெரியும். தனியறையில் பாடிய ஒப்பாரிக்கு ஒரு சபை கூடியது போல இருக்கிறது அது.

காஸ்த்ரே மகளுக்காக வரைந்த 'எ பபிள்' என்ற சிறுவர் நூல் அவர் இறந்த பிறகு, 2018 இல் வெளிவந்தது. நோயினால் ஒரு குமிழிக்குள் வாழும் தாயையும் அவள் பிள்ளையையும் பற்றியது.

2019 இல் ஜூலி டுவாரோனுடன் 'லொஸ்ட் விஸ்டம், பாகம் 2'. 2020 இல் பழைய பெயருக்குத் திரும்பி 'மைக்ரோபோன்ஸ் இன் 2020'. ஒரே பாட்டு, 44 நிமிடம், தன் இளமைக்காலத்தின் கணக்கெடுப்பு. 2024 நவம்பரில் 'நைட் பாலஸ்'. 26 பாடல்கள், பழைய இரைச்சலும் காற்றும் திரும்பி வந்திருக்கின்றன. அந்தப் பெயர் கவிஞர் ஜோஆன் கைகரின் கவிதைத் தலைப்பு. காகத் தொகுப்பின் உறையில் இருந்த அதே கவிதை. இதில் எல்வரம் தான் வாழும் நிலத்தைப் பற்றியும் கேட்கிறார். பூர்வகுடிகளிடமிருந்து எடுக்கப்பட்ட மண்ணில், வசதியுள்ளோரின் விடுமுறை வீடுகள் ஆளில்லாமல் கிடப்பதைப் பாடுகிறார். முன்பு மலையையும் மூடுபனியையும் பாடியவர், அந்த மலை யாருடையது என்று கேட்கும் இடத்துக்கு வந்திருக்கிறார்.

எங்கிருந்து கேட்பது

புதிதாகக் கேட்பவர்கள் 'லொஸ்ட் விஸ்டம்' தொகுப்பிலிருந்து தொடங்கலாம். ஒலிப்பதிவுக் கலையில் ஆர்வமுள்ள இளையவர்களுக்கு 'த க்ளோ, பாகம் 2' ஒரு பாடநூல். காகத் தொகுப்பு 41 நிமிடம்தான். ஆனால் ஒரே இருப்பில் கேட்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அண்மையில் யாரையும் இழந்தவர்கள் இப்போதைக்குத் தள்ளிவைப்பதே நல்லது. பாட்டு எங்கும் போய்விடாது. ஆங்கிலம் கடினமாக இருந்தாலும் பயமில்லை. வரிகள் அன்றாடப் பேச்சு மொழியில் உள்ளன. வரிகளை முன்னால் வைத்துக்கொண்டு கேட்டால் போதும்.

கேட்டுமுடித்தபின் ஒரு வேலையும் செய்யலாம். உங்கள் வீட்டில் இல்லாமற்போன ஒருவரைப் பற்றி, பெரிய சொற்கள் ஒன்றையும் பயன்படுத்தாமல், அவர் தொட்டுப் பாவித்த ஒரு பொருளைப் பற்றி மட்டும் பத்து வரி எழுதிப் பாருங்கள். திகதியையும் மறக்காமல் போடுங்கள். அம்மம்மா இன்னும் இருந்தால் அவரிடம் கேட்டு, அவர் சொல்வதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து வையுங்கள். அவருக்கு ஒப்பாரியும் தெரிந்திருக்கும்.